விட்டுக்கொடுக்கும் ரத்தம்

பிப்ரவரி 3

தம்பிக்கு,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்தால் திறக்காமலே அடுப்பில் போட்டுவிடுவாய் என்று, பெரிய அத்தையை விட்டு முகவரி எழுத வைத்தேன். திறந்துவிட்டாய். இனி கடைசி வரை படித்துவிடு. சண்டையை அப்புறம் தொடரலாம்.

அத்தை வந்து சொல்லிவிட்டுப் போனதிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. உன் மகளுக்கு உதடு நீலமாக இருக்கிறதாம். பள்ளியில் பார்த்த டாக்டர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாராம். தொடை வழியாகக் குழாய் விட்டு இதயத்தைப் பார்த்தார்களாம். ஓட்டை எதுவும் சரியாகத் தெரியவில்லையாம். இருந்தாலும் எங்கேயோ ஒளிந்திருக்கும் என்று நெஞ்சைத் திறந்து பார்க்கப் போகிறார்களாம். இத்தனை 'ஆம்' போட்டு எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது. கூடப் பிறந்தவன் மகளைப் பற்றிக் காற்றுவாக்கில்தான் எனக்குச் செய்தி வருகிறது.

எனக்குத் தெரிய வேண்டியது இதுதான். ஓடி விளையாடினால் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுகிறாளா, இல்லை, மற்ற பிள்ளைகளைப் போல ஓடுகிறாளா? ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் முகமூடி வைத்தபோது உதடு சிவந்ததா, அப்படியே இருந்ததா?

சிவந்திருந்தால், கோளாறு இதயத்தில் இல்லாமல் ரத்தத்தில் இருக்கலாம். அப்படியென்றால் அந்தக் குழந்தையின் நெஞ்சில் யாரும் கத்தி வைக்க வேண்டியதில்லை. நான் உறுதியாகச் சொல்லவில்லை. சோதித்துப் பார்க்காமல் உறுதி சொல்லும் பழக்கம் எனக்குக் கிடையாது. அதற்கு ரத்தம் வேண்டும். அவளுடையது ஒரு குழாய், உன்னுடையது ஒரு குழாய்.

ஆமாம், மறுபடியும் அதையேதான் கேட்கிறேன்.

அக்கா


பிப்ரவரி 8

அக்கா அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது.

'மறுபடியும் அதையேதான் கேட்கிறேன்' என்று எழுத உங்களுக்குக் கை வந்திருக்கிறதே, அதைச் சொல்ல வேண்டும். என் கல்யாணத்துக்கு முதல் நாள், பெண் வீட்டார் அத்தனை பேரும் கூடத்தில் உட்கார்ந்திருக்கையில், கைப்பையிலிருந்து ஊசியை எடுத்து, "கையை நீட்டுடா, உன் உதடு ஏன் இப்படி இருக்குன்னு பாத்துடலாம்" என்றவர் நீங்கள். அன்று சாயங்காலத்துக்குள் மாப்பிள்ளைக்கு ரத்தத்தில் கோளாறு என்று வீடு முழுக்கப் பேச்சு. கல்யாணம் நிற்காமல் போனது உங்கள் புண்ணியத்தால் இல்லை. "கட்டிக்கிட்டா இவரைத்தான்" என்று இவள் ஒற்றைக் காலில் நின்றதால். பதினோரு வருடம் ஆகியும் என் மைத்துனர் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "உடம்பெல்லாம் பரவால்லையா மாப்ள?" என்றுதான் ஆரம்பிக்கிறார்.

என் உதட்டுக்குக் காரணம் ஊருக்கே தெரியும். எனக்கு இதயம் பலவீனம். அம்மாவும் அப்பாவும் சொன்னார்கள், டாக்டர் சொன்னார், கப்பல் வேலைக்குப் போனபோது அங்கிருந்த மருத்துவரும் சொல்லித் திருப்பி அனுப்பினார். கடலுக்குப் போக நினைத்தவன், கப்பல் கட்டும் பட்டறையின் வரைவு அறையில் முக்காலி போட்டு உட்கார்ந்து மற்றவர்கள் போகிற கப்பலுக்குக் கதவுக் கீலும் திருகும் வரைந்துகொண்டிருக்கிறேன். என் கோளாறு என் மகளுக்கு வந்துவிட்டது. நான் கொடுத்ததை ஒரு கைதேர்ந்த டாக்டர் சரி செய்யப்போகிறார். நடுவில் நீங்கள் எதற்கு? குதிரை ரத்தம், மாட்டு ரத்தம் எல்லாம் தீர்ந்துபோய், அடுத்த கட்டுரைக்கு என் மகளுடையது வேண்டியிருக்கிறதா?

கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை என்று இருக்க வேண்டாம். வாலு (அவளை வீட்டில் அப்படித்தான் கூப்பிடுகிறோம்) ஓடுவதில்லை. நாங்கள் விடுவதில்லை. விட்டால் கட்டிப்பிடித்து நிறுத்த வேண்டியிருக்கும். முகமூடி வைத்தபோது நான் வெளியே இருந்தேன். பக்கத்தில் இருந்த இவள் சொல்கிறாள்: "சாயம் பூசின மாதிரி சிவந்துச்சுங்க. நான்கூட சரியாயிடுச்சுன்னே நெனச்சேன். எடுத்ததும் பழையபடி ஆயிடுச்சு."

தம்பி


பிப்ரவரி 11

தம்பிக்கு,

'நீங்கள்' என்று எழுதியிருக்கிறாய். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட இவ்வளவு உறைத்திருக்காது. இருக்கட்டும்.

உதடு சிவந்தது என்கிறாயே, அதைப் பற்றி மட்டும் பேசுகிறேன். இதயத்தில் ஓட்டை இருந்தால், கொஞ்சம் ரத்தம் நுரையீரல் பக்கமே போகாமல் குறுக்கு வழியில் தப்பிவிடும். அப்புறம் எவ்வளவு ஆக்சிஜன் கொடுத்தாலும் தப்பிய ரத்தத்துக்கு அது கிடைக்காது, நீலம் மாறாது. வாலுவுக்கு மாறியிருக்கிறது. அந்த ஒரு விஷயம் என் தொண்டையில் முள் மாதிரி நிற்கிறது.

நீ கீல் வரைபவன், உனக்குச் சுலபமாகப் புரியும். ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பது ஹீமோகுளோபின். நாலு துண்டு சேர்ந்த ஒரு உருண்டை. ஒவ்வொரு துண்டிலும் ஒரு ஆக்சிஜனுக்கு இடம். முதலாவது வந்து உட்கார்ந்ததும் துண்டுகளுக்கு நடுவில் இருக்கும் கீல் திரும்பி, மற்ற மூன்றும் வாயைத் திறக்கும். நுரையீரலில் பிடிப்பதும் உடம்புக்குள் போய் விடுவதும் அந்தக் கீலின் வேலைதான். கீலில் ஒரே ஒரு அமினோ அமிலக் கண்ணி மாறிப் பிறந்தால் பிடி தளர்ந்துபோகும். நுரையீரலில் முழுசாக ஏற்றிக்கொள்ளாது, ஆனால் உடம்பு கேட்ட இடத்தில் தாராளமாக இறக்கிவிடும். உதடு நீலமாகத் தெரியும். ஆளுக்கு ஒன்றும் ஆகாது.

கட்டுரைக்கா என்று கேட்டாய். கட்டுரை எழுத எனக்குக் குதிரை போதும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் கசாப்புக் கூடத்திலிருந்து வாளியில் குதிரை ரத்தம் எடுத்துக்கொண்டு பஸ்ஸில் வருவேன். எனக்குப் பக்கத்து இருக்கை எப்போதும் காலி. அதிலிருந்து ஊதா நிறத்தில் ஊசி ஊசியாகப் படிகம் வளர்த்தோம். காற்றுப் பட்டதும் என் கண் முன்னாலேயே விரிசல் விட்டு உடைந்தது. ஆக்சிஜனைப் பிடித்ததும் உருண்டையின் உருவமே மாறுகிறது, பழைய அடுக்குக்குள் அதனால் உட்கார முடியவில்லை. அன்றிலிருந்து இருபத்திரண்டு வருடமாக அந்தக் கீலைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அது என் வீட்டிலேயே மாறியிருக்கலாம்.

ரத்தம் உறையாமல் இருக்க மருந்து போட்ட குழாய் ஆஸ்பத்திரியிலேயே கிடைக்கும். பிளாஸ்கில் ஐஸ் போட்டு, குழாயைத் துணியில் சுற்றி வை. நேரடியாக ஐஸ் மேல் படக்கூடாது. யாராவது ரயிலில் கொண்டுவர வேண்டும், தபாலில் போட்டுவிடாதே.

அக்கா


பிப்ரவரி 16

அக்கா அவர்களுக்கு,

ரயிலில் கார்டாக இருக்கும் என் மைத்துனரிடமே பிளாஸ்கைக் கொடுத்துவிட்டிருக்கிறேன். இதைவிடப் பெரிய தண்டனை எனக்கு நீங்கள் கொடுத்திருக்க முடியாது. "என்ன மாப்ள, ரத்தமா? அக்கா இன்னும் விடலையா?" என்று சிரித்தார்.

உள்ளே வாலுவுடையது மட்டும்தான் இருக்கிறது. என்னுடையது இல்லை. ஏன் என்று கேட்க வேண்டாம்.

ஊசி போடும்போது அவள் அழவில்லை. "இத யாருக்குப்பா அனுப்புறோம்?" என்றாள்.

"உன் அத்தைக்கு."

"எனக்கு அத்தை இருக்காங்களா?"

நர்ஸ் என்னை ஏற இறங்கப் பார்த்தார். எட்டு வயதுப் பிள்ளைக்கு ஒரு அத்தையையே மறைத்து வைத்திருக்கிறான் என்று நினைத்திருப்பார்.

மார்ச் 2 காலை அறுவை என்று முடிவாகிவிட்டது. முந்தின நாளே சேர்க்கச் சொல்லியிருக்கிறார்கள். டாக்டரிடம் உங்களைப் பற்றி இன்னும் வாய் திறக்கவில்லை. திறப்பதா வேண்டாமா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

தம்பி


பிப்ரவரி 20

தம்பிக்கு,

ரத்தம் நல்லபடியாக வந்து சேர்ந்தது. உன் மைத்துனர் ஆய்வகம் வரை நடந்து வந்து, என் கையில் கொடுத்துவிட்டு, அரை மணி நேரம் கதவருகிலேயே நின்றார். எதற்கென்று கேட்டேன். "எம் மருமக ரத்தம்மா. பாத்துப் பண்ணுங்க" என்றார். நீ அவரைப் பற்றி நினைப்பது அவ்வளவும் சரியில்லை.

இனி சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

மின்சாரம் பாயும் கூழில் ஹீமோகுளோபினை ஓடவிட்டுப் பார்ப்போம். மாறிப்போனது வேறு வேகத்தில் ஓடித் தனிக் கோடாக விழும். வாலுவுடையதும் என்னுடையதும் பக்கத்தில் பக்கத்தில் ஓடின. இரண்டும் ஒரே கோடு. மறுபடி செய்தேன், அதே கோடுதான். எங்கள் படிகக்காரர் இருக்கிறார், எல்லோரும் 'பளிங்கு' என்று கூப்பிடுவார்கள். அவரும் கண்ணாடியை மாட்டிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானே இருக்கு, உங்களுக்கு என்ன குறை தெரியுது?" என்றார்.

இந்த நிலையில் அறுவையை நிறுத்து என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. இதயம்தான் காரணமாக இருந்து, என் பேச்சைக் கேட்டு நீ தாமதித்தால், அந்தப் பாவத்தைச் சுமக்க என்னால் முடியாது.

அக்கா


பிப்ரவரி 24

நீ யார் அக்கா?

பதினோரு வருடம் கழித்து வந்து, இதயம் இல்லை ரத்தம் என்கிறாய். ஒரு வாரமாக இவள் சாப்பிட்ட சாப்பாட்டில் உப்பு இருந்ததா என்றுகூடத் தெரியாமல் இருந்தாள். "உங்க அக்கா சொன்னா சரியாத்தாங்க இருக்கும். படிச்சவங்க" என்று என் மண்டையைக் குடைந்தாள். நானும் நம்பினேன். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. வேலை நேரத்தில் முக்காலியில் உட்கார்ந்துகொண்டு, ஆளுக்கு ஒன்றும் ஆகாது என்று நீ எழுதிய வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

இப்போது ஒரே கோடு என்கிறாய்.

முந்தாநாள் வாலு மாடிப்படியில் தடதடவென்று ஏறினாள். நான் போட்ட கத்தலில் பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. அவள் சுவரோடு ஒட்டி நின்று, "வலிக்கவே இல்லப்பா" என்றாள். எனக்கும் அந்த வயதில் வலித்ததில்லை. வலிக்காததுதான் ஆபத்து என்று எனக்குச் சொல்லி வளர்த்தார்கள். நானும் அவளுக்கு அதையேதான் சொன்னேன்.

மார்ச் 2. இனி எழுதாதே.


தந்தி
பிப்ரவரி 27

அறுவை வேண்டாம். ரத்தம்தான். உறுதி. டாக்டரிடம் தமனி ரத்தத்தின் ஆக்சிஜன் அழுத்தம் அளக்கச் சொல். கடிதம் வருகிறது. அக்கா.


பிப்ரவரி 27

தம்பிக்கு,

தந்தி கொடுத்துவிட்டு நேராக வந்து எழுதுகிறேன். தந்தி ஆபீஸ்காரர், "ரத்தம்தான் உறுதியா? கொலைக் கேஸா அம்மா?" என்று கேட்டார். நான் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார்.

நீ கேட்டது சரி. நான் யார்? உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு நாள் முழுக்க வேறு வேலையில் உட்கார்ந்து பார்த்தேன். ஆனால் அந்த முள் மட்டும் போகவில்லை. உதடு ஏன் சிவந்தது? ஒரே கோடு என்றால் மாற்றமே இல்லை என்று அர்த்தமில்லை. மின்சாரத்துக்கு வித்தியாசம் தெரியாத மாற்றங்களும் உண்டு. ஒரு திருகை எடுத்துவிட்டு அதே எடையில் வேறு திருகைப் போட்டால் தராசுக்குத் தெரியுமா? கீலைத் திருப்பிப் பார்த்தால்தான் தெரியும்.

குழாயின் அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதைக் கண்ணாடிக் குடுவையில் விட்டு, காற்றை முழுக்க உறிஞ்சி எடுத்துவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக ஆக்சிஜனை உள்ளே விட்டேன். எவ்வளவு கொடுத்தால் எவ்வளவு பிடிக்கிறது என்று வரைபடத் தாளில் ஒவ்வொரு புள்ளியாக வைத்து வந்தோம். என் ரத்தத்தையும் பக்கத்திலேயே செய்தேன். என்னுடையது விறுவிறுவென்று மேலே ஏறியது. வாலுவுடையது சோம்பேறிப் பிள்ளை மாதிரி வலது பக்கமாகச் சாய்ந்துகொண்டே போனது. என் ரத்தம் நிரம்பி வழிகிற அளவு ஆக்சிஜனில் அவளுடையது முக்கால்கூட நிறையவில்லை. பளிங்கு ஒவ்வொரு புள்ளிக்கும் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "டாக்டருக்குச் சொல்லிட்டீங்களா?" என்றார். அவ்வளவுதான். நான் ஓடினேன்.

அவளுக்கு ஓட்டை இல்லை. நுரையீரலிலிருந்து வெளியே வரும் ரத்தத்தில் ஆக்சிஜனின் அழுத்தம் சரியாகவே இருக்கும், பிடித்துக்கொள்ளும் அளவுதான் குறையும். உன் டாக்டர் அந்த அழுத்தத்தை அளந்தால் போதும், நான் சொல்வதை அவர் நம்பவே வேண்டாம். இதய ஒலியில் அவருக்கு ஏதாவது சின்னச் சலசலப்பு கேட்டிருந்தால், அதுவும் இதனால் வரக்கூடியதே.

மாற்றம் பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்திருக்க வேண்டும். அது யார் என்று நான் எழுதவில்லை.

அக்கா


மார்ச் 6

அக்கா,

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். இல்லாவிட்டால் என்னால் சொல்ல முடியாது.

தந்தி 28-ஆம் தேதி வரைவு அறைக்கே வந்தது. படித்தேன். சட்டைப் பையில் வைத்தேன். மறுபடி முக்காலியில் உட்கார்ந்து சுக்கான் கீல் ஒன்றை வரைய ஆரம்பித்தேன். கோடு நேராகவே வந்தது. வீட்டுக்குப் போய் இவளிடமும் சொல்லவில்லை. மறுநாள் பெட்டி கட்டிக்கொண்டு மூவரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். வாலுவைக் கட்டிலில் படுக்க வைத்து, நெஞ்சில் மருந்து நீர் தடவ ஒருவர் கிண்ணத்தோடு வந்தார். அப்போதும் அது என் பையில்தான் இருந்தது.

ஏன் என்று நீ கேட்பாய். அந்தத் தந்தி என் மகளைப் பற்றி ஒன்று சொன்னது. என்னைப் பற்றி இன்னொன்று சொன்னது. அவள் இதயம் நல்ல இதயம் என்றால், என்னுடையதும் அப்படித்தானே? நாற்பத்து மூன்று வயது எனக்கு. ஓடாமல், ஏறாமல், கடலுக்குப் போகாமல், எதையும் தூக்காமல் கழித்த அத்தனைக்கும் காரணமே இல்லை என்று ஒரு துண்டுக் காகிதம் சொல்கிறது. அது பொய்யாக இருந்தால் நல்லது என்று நினைத்தேன் அக்கா. என் மகள் அங்கே படுத்திருக்கும்போது நினைத்தேன்.

கிண்ணம் குளிர்ந்திருந்தது போலிருக்கிறது. வாலு, "அப்பா, சில்லுனு இருக்கு" என்றாள். நான் எழுந்து போய் டாக்டர் அறைக் கதவைத் தட்டினேன்.

டாக்டர் தந்தியைப் படித்துவிட்டு, "உங்க அக்கா இதய டாக்டரா?" என்றார்.

"இல்ல சார்."

"பின்ன?"

"ஹீமோகுளோபின். இருபத்திரண்டு வருஷமா அது ஒண்ணுதான்."

"நாளைக்குக் காலையில ஆபரேஷன். இன்னிக்கு தந்தியோட வந்து நிக்கிறீங்க."

"நேத்தே வந்துடுச்சு சார். நான்தான் குடுக்கல."

அவர் என்னைத் திட்டவில்லை. வாலுவின் மணிக்கட்டிலிருந்து ரத்தம் எடுத்து, தானே கையில் எடுத்துக்கொண்டு இயந்திரம் இருக்கும் அறைக்குப் போனார். நாங்கள் வராந்தாவில் நின்றோம். தந்தி விஷயம் தெரிந்துவிட்டதால் இவள் என்னை விட்டுத் தள்ளிப் போய் நின்றாள். திரும்பி வந்தவர் முகத்தில் கோபமா சிரிப்பா என்று தெரியவில்லை. "அழுத்தம் நூத்துக்கு நூறு சரியா இருக்கு. நாளைக்கு வேற யாரையாவது படுக்க வைக்கிறேன்" என்றார்.

அப்புறம் என் முகத்தையே பார்த்தார். நாற்காலியில் உட்காரச் சொல்லி, உதட்டை விலக்கி ஈறு வரை பார்த்தார். நெஞ்சில் குழலை வைத்து ரொம்ப நேரம் கேட்டார். "உங்களுக்கு இதயம் வீக்குன்னு யார் சொன்னா?"

"எல்லாரும் சார்."

"யாராவது கேட்டுப் பாத்தாங்களா?"

எனக்கு ஞாபகம் இல்லை. எல்லோரும் உதட்டைத்தான் பார்த்தார்கள்.

என் ரத்தமும் மைத்துனர் கையில் வருகிறது. அன்றே கையை நீட்டியிருந்தால் என்று நீ எழுதாதே. எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும். அது போதும்.

தம்பி


மார்ச் 12

தம்பி,

எழுதவில்லை.

உன்னுடையதும் அதேதான். இரண்டு வளைவும் ஒன்றின் மேல் ஒன்று அச்சாக உட்கார்ந்துவிட்டன. அப்பாவுக்கும் உதடு அந்த நிறம்தான், புகையிலை என்று சொல்லிக்கொண்டோம். எனக்கு வரவில்லை. உனக்கு வந்திருக்கிறது. ஒரே வயிற்றில் பிறந்தாலும் பங்கு அப்படித்தான் விழுந்திருக்கிறது. நம் வீட்டில் விட்டுக்கொடுக்கிற ரத்தம் உன்னுடையதுதான். அதை வைத்துக்கொண்டு பதினோரு வருடம் வீம்பு பிடித்தாயே, அதுதான் எனக்கு விளங்கவில்லை. பிடித்தால் விடாத ரத்தம் என்னுடையது, நான்தான் முதலில் எழுதினேன்.

கல்யாண வீட்டில் ஊசியோடு நின்றதைப் பற்றி உன் மனைவிக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். அதை நீ படிக்க வேண்டாம்.

இப்போது கேட்கக் கூசுகிற ஒன்று. எந்தக் கண்ணி மாறியிருக்கிறது என்று தேடத் தொடங்கிவிட்டோம். உருண்டையைத் துண்டு துண்டாக வெட்டி ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும், மாதக்கணக்கில் ஆகும். இதுவரை யாரும் பதிவு செய்யாத மாற்றமாக இருக்கும் என்று பளிங்கு சொல்கிறார். எனக்கும் அப்படித்தான் படுகிறது. வெளியிட்டால், வேறு எங்கோ இதே உதட்டோடு படுத்திருக்கும் பிள்ளையின் டாக்டர் அதைப் படிக்கலாம். என் பெயரும் வரும். இல்லை என்று சொல்லமாட்டேன், இத்தனை வருட வேலையில் நானே கண்டுபிடித்த முதல் மாற்றம் இது. நீ வேண்டாம் என்றால் மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிடுவேன். கோபித்துக்கொள்ளவும் மாட்டேன்.

அக்கா


மார்ச் 19

அக்கா,

எழுது. ஊர், தெரு, பெயர் எதுவும் வரக்கூடாது. 'ஒரு தகப்பனும் மகளும்' என்று போடு. 'நோயாளி' என்ற சொல் எங்கேயும் இருக்கக்கூடாது. இருந்தால் நானே கோர்ட்டுக்குப் போவேன்.

உன் மேல் கோபம் போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. அது இருக்கிறது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. சில நாள் உன் மேல், சில நாள் அம்மா மேல், வரைவு அறைக்குப் போனால் அங்கே தொங்கும் கப்பல் படத்தின் மேல். போகப் போகக் குறையும் என்கிறாள் இவள். அவளுக்கே என் மேல் இன்னும் முழுசாகக் குறையவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் கட்டடத்தில் தண்ணீர் வரவில்லை. கீழே குழாயில் பிடித்து மூன்றாவது மாடிக்கு ஏற்ற வேண்டும். இவள் வழக்கம்போல இரண்டு வாளியை எடுத்தாள். நான் வாங்கிக்கொண்டு ஏறினேன். முதல் மாடி வரை "வேணாங்க, வேணாங்க" என்று பின்னாலேயே கத்திக்கொண்டு வந்தாள். இரண்டாவது மாடியில் சத்தம் நின்றுவிட்டது. மேலே வைத்துவிட்டு இறங்கி வந்தால், படியில் உட்கார்ந்திருக்கிறாள். "பதினோரு வருஷம் நான் தூக்கியிருக்கேன்யா" என்றாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று பார்க்கக் குனிந்தேன். இரண்டும்தான். மிச்ச வாளி எல்லாம் நான்தான் தூக்கினேன். கை இன்னும் வலிக்கிறது. நெஞ்சில் ஒன்றும் இல்லை.

வாலுவிடம் உட்கார வைத்து எல்லாம் சொன்னேன். உன் இதயம் நல்லா இருக்கு, ரத்தம்தான் கொஞ்சம் வேற மாதிரி, அதுக்கு மருந்து வேண்டாம், உதடு இப்படியேதான் இருக்கும், உன் அத்தைதான் கண்டுபிடிச்சாங்க என்று சொன்னேன். கவனமாகக் கேட்டாள். கண்ணாடியை எடுத்து உதட்டைப் பார்த்துக்கொண்டாள். அப்புறம் என்னிடம், "அப்ப மத்தவங்களுக்கெல்லாம் எதுக்குப்பா செவப்பா இருக்கு?" என்றாள்.

இதற்குப் பதிலை நீ கிளம்பி வந்து அவளிடமே சொல்லிவிட்டுப் போ.

தம்பி